அமெரிக்கப் படமும் எங்கள் லயத்துக் கரகமும்

அமெரிக்காவைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த நாடு எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரு சாயங்காலம் வெள்ளைத் துணியில் அதைப் பார்த்தோம், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், லிந்துலையிலிருந்து டயகம போகும் பஸ் பாதையில், பாதி வழியில் இருந்தது. கூலி ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் பல வரிசை இருந்தாலும் பேச்சில் இரண்டுதான்: மேல் லயம், கீழ் லயம். மேல் லயத்தில் பெரிய கங்காணியும் அவர் சாதி சனமும். கீழ் லயத்தில் நாங்கள். அப்பாவுக்கு இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்தும் வேலை, அதோடு தப்படிப்பதும். விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூட்டத் தப்பு அடிப்பார். கலியாணம், சாவு, திருவிழா எதுவானாலும் அவர் தப்பு இல்லாமல் நடக்காது. ஆனால் அந்தத் தப்புச் சத்தம் போகிற வாசல் வரைக்கும் அப்பா போக முடியாது. பஞ்சத்துக்குக் கடல் கடந்து வந்தவர்கள் பானை சட்டியை விட்டுவிட்டு வந்தாலும் சாதியை மட்டும் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வருடா வருடம் மாரியம்மன் திருவிழா நடக்கும். ஆற்றோரம் கரகம் பாலித்து, அதாவது அம்மனைக் குடத்தில் இறக்கிப் பூச் சோடித்து, முதலில் பெரிய கங்காணி வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு மேல் லயத்து வாசல் ஒவ்வொன்றுக்கும் போவார்கள். வாசலில் கரகம் எடுத்தவர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் பக்கம் வரும்போது தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்து வளைவான பீலிக்கரை முடக்கோடு கரகம் நின்றுவிடும். கீழ் லயத்துப் பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிப் போய், அந்த முடக்கில் வைத்து ஊற்றிவிட்டு வரவேண்டும். சாமி ஏன் இறங்கி வராது என்று கேட்டால், பாதை சரியில்லை என்பார்கள். அதே பாதையில்தான் அவர்கள் மாட்டுக்கு நாங்கள் புல்லுக்கட்டு சுமந்தோம்.

எனக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்தது. பிழைக்க மாட்டேன் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில் அம்மா நேர்ந்துகொண்டாள்: “புள்ள பொழச்சா, தாயே, நீ ஏ வாசலுக்கு வரணும். ஏ வாசப்படியில நின்னு நான் ஒனக்குத் தண்ணி ஊத்தணும்.” நான் பிழைத்துவிட்டேன். வளர்ந்து, படித்து, வேட்டி கட்டிய வாத்தியாராகவும் ஆகிவிட்டேன். நேர்த்திக்கடன் மட்டும் அப்படியே கிடந்தது. முடக்கிலேயே ஊற்றினால் என்ன, அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டாளா என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். அம்மா கேட்க மாட்டாள். “நேந்தது வாசல்ல. ரோட்டுல ஊத்தவா நேந்தேன்?” என்பாள். எனக்குத் தலைவலி வந்தாலும் அவளுக்கு அந்தக் கடன்தான் ஞாபகம் வரும்.

இனி ஓட்டுக் கதை. நாற்பத்தேழாம் ஆண்டு எலெக்‌ஷனில் அப்பாவும் அம்மாவும் ஓட்டுப் போட்டார்கள். லயமே கலியாண வீடு மாதிரி இருந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. மறு வருடம் சுதந்திரம் வந்தது. வந்த கையோடு நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டமும் வந்தது. ஐம்பத்திரண்டில் மறுபடி எலெக்‌ஷன் வந்தபோது, அப்பா யார் சொல்லியும் கேட்காமல் வெளுத்த வேட்டியும் பழைய கோட்டுமாகப் புறப்பட்டுப் போனார். போன தடவை போட்டவனை இந்தத் தடவை எப்படி வேண்டாம் என்பார்கள் என்பது அவர் நியாயம். பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பிரஜாவுரிமை விசாரணைக்கும் போனார். அவருடைய அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்குச் சாட்சி கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே, “எங்கப்பன் பொறந்தப்ப நான் எங்கடா பக்கத்துல இருந்தேன்?” என்றார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதாம் ஆண்டுவாக்கில் அமெரிக்காக்காரர்களின் படவண்டி எங்கள் பக்கம் சுற்றத் தொடங்கியது. ஓசிப் படம். எங்கள் தோட்டத்துக்கு அது வந்தபோது தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்துவிட்டார். பெரட்டுக் களத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே திரை கட்டினார்கள். முன்னால் பெரிய கங்காணிக்கும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கும் நாற்காலி, அதன் பின்னால் மேல் லயம், கடைசியில் நாங்கள். படத்தில் பேசுவது இங்கிலீஷ். வண்டியோடு வந்த கொழும்புத் தமிழர், கோட்டுப் போட்ட மனிதர், நல்ல மரியாதைக்காரர், “இங்க யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமா?” என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில் ஒரு கோதுமை வயல் வந்தது. ஒரே ஒரு ஆள் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் மலையைப் போலப் பத்து மடங்கு நிலத்தை அறுத்துக்கொண்டு போனான். “கூலி ஆளுக எங்கப்பா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பிறகு பெரிய பெரிய பாலங்கள், ஆகாசத்தை முட்டும் கட்டடங்கள், கப்பல்கள், ராக்கெட். உலகத்தில் இனி இவர்களை மிஞ்ச ஆளில்லை என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். அப்புறம் எலெக்‌ஷன். ஜனாதிபதியாக நிற்கிறவர் ஊர் ஊராகப் போய்க் கைகுலுக்கினார், குழந்தைகளைத் தூக்கினார். ஜனங்கள் வரிசையில் நின்று ஒருவர் ஒருவராகத் திரைக்குப் பின்னால் போய் ஓட்டுப் போட்டார்கள். நிற்கிறவரும் பெண்சாதியோடு வந்து, தன் ஓட்டைப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். எங்கள் ஜனம் கைதட்டியது. ஓட்டுப் பறிபோன ஜனம், யாரோ ஓட்டுப் போடுவதைப் பார்த்துக் கைதட்டுகிறது.

படம் முழுக்க ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. எங்கள் பஜாரில் நானா கடை என்று ஒரு சில்லறைக் கடை. சாமான் சுற்ற வரும் பழைய பேப்பர்களைக் கடைக்காரர் நானா எனக்கு எடுத்து வைப்பார். அதில் படித்திருந்தேன்: அந்த நாட்டின் தெற்கில் கறுப்பு ஜனங்கள் பஸ்ஸில் பின்னால்தான் உட்கார வேண்டும், அவர்கள் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பட்டாளம் காவல் போகவேண்டும், ஓட்டுக்குப் பெயர் பதியப் போனால் பதில் சொல்ல முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டுத் துரத்துவார்கள். மைக் கையில் இருந்த தைரியத்தில் வண்டியோடு வந்தவரைக் கேட்டுவிட்டேன். “அவங்களுக்கும் ஓட்டு உண்டா சார்?”

அவர் கொஞ்சம் நெளிந்தார். “சட்டத்துல உண்டு தம்பி. சில இடத்துல சிக்கல் இருக்கு. மாறிக்கிட்டு வருது. மெல்ல மெல்ல மாறும்” என்றார்.

நான் அதையும், பேப்பரில் படித்ததையும் சேர்த்து மைக்கில் சொன்னேன். அம்மா பின்னாலிருந்து, “அவங்களையும் அப்பன் பொறந்ததுக்குச் சாட்சி கேட்டாங்களா?” என்று சத்தமாகக் கேட்டாள். கீழ் லயமே சிரித்தது. முன் வரிசையில் பெரிய கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அநியாயம்யா! மனுசன மனுசன் பின்னால ஒக்கார வைக்கிறதா? இதெல்லாம் நல்லாருக்கா?” என்றார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

மெல்ல மெல்ல மாறும் என்று கொழும்புத் தமிழர் சொன்னது பொய்யில்லை. நாலைந்து வருடம் கழித்து, அந்த ஜனங்கள் ஊர்வலம் போய், அடிபட்டு, செத்து, கடைசியில் அவர்கள் ஓட்டைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்ததையும் நானா கடைப் பேப்பரில்தான் படித்தேன். அதற்கு முந்தின வருடம்தான் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டிருந்தார்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. படம் பார்த்த அன்று எனக்குத் தோன்றியது வேறு. சர்க்கார் ஓட்டுத்தான் இல்லை. தோட்டத்துக்குள்ளே நாமே ஒன்று வைத்தால் யார் தடுப்பது?

திருவிழாவுக்குத் தலைவர் யார் என்று ஓட்டு வைப்போம், தலைவர் சொல்கிற வழியில்தான் கரகம் போகவேண்டும் என்று நான் பெரிய கங்காணியிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவருக்குப் பழைய அதிகாரம் போய் மரியாதை மட்டும் மிஞ்சியிருந்த காலம். படத்தில் அந்த ஜனாதிபதிக்குக் கிடைத்த ஆரவாரம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. “வச்சுப் பாத்துருவோம் வாத்தியாரே. நம்ம ஜனங்க மனசு தெரியட்டும்” என்று மீசையைத் தடவிக்கொண்டார். அவரை எதிர்த்து யார் நிற்கப்போகிறார்கள் என்ற எண்ணம்.

யாரும் நிற்கவில்லைதான். கடைசியில் அம்மாதான் அப்பாவைப் பிடித்துத் தள்ளினாள். அப்பாவுக்கு விரோதி என்று ஒருவரும் கிடையாது. மேல் லயத்துப் பிணத்துக்கும் அவர்தான் அடித்திருக்கிறார். “நின்னா கரகம் கீழ வருமா?” என்று கேட்டார். “செயிச்சா வரும்” என்றேன். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, நிக்கிறேன்” என்றார்.

மேல் லயத்து இளவட்டங்களில் சிலருக்குக் கங்காணியின் அதட்டல் பிடிக்காது. திருவிழாவில் அவர் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் இரகசியமாக எங்கள் பக்கம் சாய்ந்தார்கள். கீழ் லயத்தில் ஆம்பிளை, பொம்பிளை எல்லாரும் ஒரே பேச்சு. அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் நிரை நிரையாகப் போய்ப் பேசினாள். எனக்குள்ளே படத்தில் பார்த்த அந்த ஊர்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் ஓட்டு. அம்மாவின் சேலையைக் கட்டித் திரை செய்தோம். உள்ளே இரண்டு பானை. ஒன்றில் சிவப்புத் துணி, அது கங்காணிக்கு. ஒன்றில் மஞ்சள் துணி, அது அப்பாவுக்கு. வந்தவர் கையில் ஒரு தேயிலைக் கொட்டை கொடுப்போம். திரைக்குப் பின்னால் போய்ப் பிடித்த பானையில் போட்டுவிட்டு வரவேண்டும். தோட்டத்துக் கிளாக்கர் ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். நாற்பத்தேழுக்குப் பிறகு வரிசையில் நிற்பது எல்லோருக்கும் புதுசாக இருந்தது. சில கிழவிகள் கொட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கங்காணி போட்டுவிட்டு வந்து, “எனக்குத்தான் போட்டேன். பின்ன யாருக்குப் போடுவேன்?” என்று சிரித்தார். அப்பா உள்ளே போனார், வந்தார், தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போய் நின்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

கிளாக்கர் ஐயா பானைகளைச் சாக்கில் கொட்டி எண்ணினார். இரண்டு குவியலும் சமமாகவே ஏறிக்கொண்டு வந்தன. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சிவப்புப் பானையில் ஒரு கொட்டை அதிகம். ஒரே ஒரு கொட்டை. மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் அதே. மேல் லயம் விசில் அடித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அம்மா என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, திரைச் சேலையை அவிழ்த்து மடிக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் எங்கள் லயத்து வாசலில் பெரிய சண்டை. நம்மில் யாரோ ஒருவன் மாற்றிப் போட்டிருக்கிறான், அவன் யார்? பக்கத்து அறைக் காம்பராக்காரன் ஒருவன் மேல் லயத்து ஆட்களோடு சேர்ந்து குடிப்பவன். அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவன் அழாத குறையாக, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. கை ஓங்கிவிட்டார்கள்.

அப்பா எழுந்து நடுவில் வந்தார். “அவன விடுங்கப்பா. மாத்திப் போட்டது நாந்தான்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். “எம் பேருக்கு நானே போட்டுக்க முடியுமா? பந்தியில ஒக்காந்துகிட்டு நம்ம எலையில நாமளே அள்ளி வச்சுக்கிற மாதிரி இருக்காது? எதுக்க நிக்கிறவருக்கு ஒரு மரியாதைக்குப் போட்டேன். ஒரு கொட்டையில என்னா வந்துரப்போவுதுன்னு நெனச்சேன்.”

அந்தக் கொட்டை இந்தப் பக்கம் விழுந்திருந்தால் ஜெயித்திருப்போம். “அப்பா, கங்காணி தனக்குத்தானே போட்டுக்கிட்டாரு! படத்துல அந்த அமெரிக்காக்காரன் சிரிச்சுக்கிட்டு வந்தான்ல, அவனும் தனக்குத்தான் போட்டான்! ஒங்களுக்கு மட்டும் என்னாங்க வெக்கம்?” என்று கத்தினேன்.

“அவங்களுக்குப் பழக்கம் இருக்குடா” என்றார் அப்பா. அதைக் கேட்டபோது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எங்களைப் பின்னால் உட்கார வைத்தவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் முழுக்க அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் திரும்பியது. அவரைத் திட்டவும் முடியவில்லை. எழுந்திருக்கச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் முதலில் எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிற ஜனம் நாங்கள். இதை எந்தச் சட்டம் வந்து மாற்றும்?

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “பந்திக்கு முந்துன்னுதான்யா பெரியவங்க சொல்லியிருக்காங்க” என்றாள். பிறகு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். “கங்காணிக்கு மரியாத செய்ய ஊரே இருக்கு. அந்த ஒரு கொட்டைய எனக்குப் போட்டிருக்கலாமே. நீங்க ஒங்களுக்கா நின்னீங்க? எனக்காகத்தான நின்னீங்க?”

அப்பா அதுவரை அது தன்னுடைய ஓட்டு, தன்னுடைய கௌரவம் என்றுதான் நினைத்திருப்பார் போல. அம்மா உள்ளே போனதும் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பிடித்தவர்கள் ஒருவர் ஒருவராக நழுவினார்கள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

திருவிழா வழக்கம்போல வந்தது. எனக்குப் போகவே பிடிக்கவில்லை, ஆனாலும் போனேன். அந்த வருடம் அம்மா முடக்குக்கு ஏறி வரவில்லை. குளித்து, வாசலுக்குச் சாணி தெளித்துக் கோலம் போட்டு, செம்பில் மஞ்சள் தண்ணீரை வைத்துக்கொண்டு எங்கள் வாசப்படியிலேயே நின்றாள். வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நேர்ந்த இடத்தில் நின்றாள்.

கரகம் பீலிக்கரை முடக்குக்கு வந்தது. முன்னால் தப்படித்துக்கொண்டு அப்பா. அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் நன்றாகத் தெரியும். கோலம் தெரியும், சேலை நிறம் தெரியும். அப்பா பார்த்தார். அடி ஒரு கணம் தடுமாறியது. கரகக்காரன் தப்பு போகிற பக்கம் போவான். அருள் வந்தவனுக்குக் கண் தெரியாது, காதுதான் வழி. அப்பா இரண்டு எட்டு கீழ்ப்பக்கம் எடுத்து வைத்தார். கரகமும் இரண்டு எட்டு வந்தது.

“என்னாப்பா?” என்றார் பின்னால் நின்ற பெரிய கங்காணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கரகம் வந்த வழியே திரும்புவதற்கென்று தப்பில் ஓர் அடி உண்டு. அப்பா அதை அடித்தார்.